தேவையில்லை

பங்குனியில் பதிவானது என் குரல்.
திங்கள்நகர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால்
ஞானசிகாமணியின் ஸ்டுடியோ.
கல்யாணங்கள் நின்றுபோயிருந்தன,
நாற்காலிகள் தலைகீழாய் அடுக்கியிருந்தன.
சுகாதார ஆய்வாளர் நீட்டிய தாளில் ஐந்தாவது வரி:
'நோய் அறிகுறி இல்லாதவர்கள்
முகக்கவசம் அணியத் தேவையில்லை.'
கடைசிச் சொல்லைக் கொஞ்சம் அழுத்தும், என்றார்.
அழுத்தினேன்.
ஆட்டோ கூரையில் கட்டிய இரண்டு கூம்புகளும்
கொட்டில்பாடு முதல் குறும்பனை வரை
அந்த அழுத்தத்தைச் சுமந்துபோயின.

சித்திரையில் வேறு தாள்.
'கட்டாயம். மீறினால் அபராதம்.'
அதே ஆட்டோ, அதே பேட்டரி,
தொண்டையும் அதே.
பழையதை அழித்து
அந்த மெமரி கார்டிலேயே புதியதை ஏற்றினோம்.

கோடிமுனை குருசடி முன்னால்
ததேயுஸ் கை காட்டி நிறுத்தினார்.
"போன மாசம் வேண்டாம்னது ஒனக்க சத்தம்தானே?
இப்ப வேணும்ங்கியது ஆருக்க சத்தம்?"

தையல் மெஷினோடு வாசலில் இருந்த ரெத்னபாய்
(அறிவியல் டீச்சர், ஓய்வுபெற்று ஆறு வருஷம்,
பழைய சேலைகளை வெட்டி மாஸ்க் தைத்துக்கொண்டிருந்தார்)
எழும்பாமலே சொன்னார்:
"புதுசா தெரிஞ்சா மாத்தத்தான் செய்வாங்க.
மாத்தாம இருந்தாத்தான் பயப்படணும்."

"மாத்தட்டும் டீச்சர், ஆரு வேண்டாம்னா?
மாத்துனோம்னு ஒரு வாக்கு சொல்லணும்லா.
பரிச்சைத் தாள்ல தப்பு வந்தா
கோடு போட்டு அடிக்கச் சொன்னது நீங்கதானே,
ரப்பர் வச்சு அழிக்கப்பிடாதுன்னு?"

டீச்சர் ஊசியில் நூல் கோக்க ஆரம்பித்தார்.
நூல் பலதடவை விலகிப்போனது.

சாளை வைத்திருந்த சருவத்தை இறக்கி வைத்து
பெல்சித்தாய் பேசினாள். சத்தமாக இல்லை.
"மாத்திச் சொல்லியான்னு சண்டை போடுதிய.
அந்தக் கார்த்திகையில, ஒக்கிக்கு மின்ன,
எனக்க மாப்பிளைக்கு மாத்திச் சொல்ல ஆளில்ல.
போவாதேன்னு சொல்லு வந்தப்போ
அவரு போயி ரெண்டு நாளு."
முந்தானையை மூக்குக்கு மேல் இழுத்துக்கொண்டு
சருவத்தைத் தூக்கினாள்.
ஈக்கள் கூடவே போயின.

ததேயுஸ் பீடியைக் கீழே போட்டார்.
மாஸ்க் மட்டும் அவர் போடவில்லை, அன்றைக்கும்
அதற்குப் பிறகு ரொம்ப நாளைக்கும்.

வீட்டுக்கு வந்து பங்குனித் தாளைத் தேடினேன்.
சட்டைப்பையில் நாலாய் மடிந்து கிடந்தது.
பின்பக்கம் ஆய்வாளரின் கிறுக்கல்:
கையிருப்பு நாற்பது.
நர்ஸ் ஒன்பது, தூய்மைப் பணியாளர் பதினாலு,
எத்தனை நாள்?
அதற்கு நேரே ஒரு கேள்விக்குறி,
பேனா முனை தாளைக் கிழித்திருந்தது.

'தேவையில்லை' என்பதில்
பின்பாதியை மட்டும் வாசித்திருந்தால் போதும்.
இல்லை.
உங்களுக்குத் தர எங்களிடம் இல்லை.

கேட்டேன் அவரிடம்.
"சொல்லியிருந்தா மெடிக்கல் கடையெல்லாம்
ஒரே ராத்திரியில காலி.
ஊசி போடுத பிள்ளைக்கு எதைக் குடுப்பேன், சொல்லும்."
காதுக்குப் பின்னால்
நாடா அறுத்த புண் அவருக்கு.
சரி என்றும் சொல்லவில்லை நான்,
சரியில்லை என்றும் சொல்லவில்லை.
ஒரு நாற்பதை வைத்துக்கொண்டு
ஊருக்கு உண்மை சொல்வது எப்படி என்று
இன்றுவரை எனக்குத் தெரியாது.
ஆனால் அழுத்தியது நான்.

மறு சித்திரையில் மூன்றாவது தாள்:
ஒன்றல்ல, இரண்டு மாஸ்க், ஒன்றின்மேல் ஒன்றாக.
ஞானசிகாமணி விரலைத் தூக்கினான், சிவப்பு விளக்கு எரிந்தது.
தாளில் இல்லாததை முதலில் வாசித்தேன்:
'இதே குரல் முன்பு வேண்டாம் என்றது.
பிறகு ஒன்று போடச் சொன்னது.
இன்று தெரிந்தவரை, இது.'

"இது எழுத்துல இல்லையே" என்றான்.
ஏத்து, என்றேன்.

பத்து விநாடி கூடிவிட்டதாக
பேரூராட்சியில் கணக்குக் கேட்டார்கள்.
வாடகை பழைய வாடகைதான்.