கிடை – மேற்கு

பத்து நாளாய் லைன் இல்லை.
பள்ளத்தூருக்குக் கிழக்கே, டவருக்கடியில்,
நாற்பது எரிபொருள் கலம் அடுக்கிய ஒரு பெட்டிதான்
ஒன்பது ஊர்ப் பேச்சைத் தாங்கி நிற்கிறது.

கலத்துக்குப் புள்ளி ஆறு எட்டு வோல்ட் வர வேண்டும்.
ஆறு ஒன்றில் நின்றது. மறுநாள் ஐந்து ஆறு.
ஒன்று கெட்டால் கழற்றி எடுக்கலாம்.
நாற்பதும் சேர்ந்து சோர்ந்தால்
யாரைப் போய்க் கேட்பது?

சவ்வு காய்ந்திருக்குமோ என்று ஈரம் ஏற்றினேன்.
நீர் தேங்கியிருக்குமோ என்று ஊதித் தள்ளினேன்.
சிலிண்டரைச் சந்தேகித்து வேறு சிலிண்டர்.
காற்றைச் சற்றே நிறுத்தி
பிளாட்டினத்தின் மேல் படிந்த ஆக்சைடை
உரித்தும் பார்த்தாயிற்று.
ஏறும்.
டீ குடித்துவிட்டு வந்தால் இறங்கியிருக்கும்.

காரைக்குடியிலிருந்து ரோஸ்லின் போனில் கத்தினாள்:
"அடுக்கையே மாத்திடலாம், விலை போட்டு அனுப்பு."
அவள் குரல் இதே டவர் வழியாகத்தான் வந்தது.
அடுக்குக்கும் கேட்டிருக்கும்.

பதிவுகளை நீளமாக விரித்து வைத்தேன்.
பகலில் கொஞ்சம் தேறுகிறது,
ராத்திரி எட்டுக்கு மேல் சரிகிறது.
மனிதருக்குத்தான் இப்படிக் காய்ச்சல் வரும்.

அன்று வீட்டுக்குப் போகவில்லை.
பெட்டி காற்றை உறிஞ்சும் வாய்க்குப் பக்கத்தில்
கம்பிக்கூண்டில் சாய்ந்து உட்கார்ந்தேன்.
எட்டரைக்குக் கொண்டல் எழுந்தது.
கூடவே ஒரு நெடி,
மூக்கைக் கிள்ளி கண்ணைக் கரிக்க வைத்தது.
டார்ச்சை அடித்தால்
அறுத்த வயல் முழுக்கப் பச்சைக் கண்கள்.
ஆட்டுக்கிடை. முந்நூறு உருப்படி.

அம்மோனியா.
புரோட்டான் உட்கார வேண்டிய இடத்தில்
முந்திக்கொண்டு துண்டைப் போட்டுவிடும்.
தேவகோட்டை பஸ் மாதிரி:
வண்டி என்னவோ ஓடும்,
போக வேண்டியவர் நின்றுகொண்டே இருப்பார்.

கிடைக்காரர் இருளப்பனிடம் சொன்னேன். சிரித்தார்.
"மூத்திரம் விழுந்த வயல்ல நெல்லு கொழிக்குது.
ஒம் பெட்டிக்கு மட்டும் அது சீக்காக்கும்?"

ஆமாம் என்பதைத் தவிர
எனக்கு வேறு பதில் வரவில்லை.

வயல்காரர் சிங்கப்பூரில்.
ஐந்து ராத்திரிக்குக் கூலி பேச்சு, இந்த வயலுக்கு மட்டும்.
இன்னும் மூன்று மிச்சம்.
"நகத்துனா அந்தக் காசை ஆரு தருவா?"
"டவர் படுத்துட்டா அந்தக் காசு எப்படி வரும்?"
மடியிலிருந்து போனை எடுத்துப் பார்த்தார்.
ஒரே ஒரு கோடு.
பார்த்துக்கொண்டே இருந்தார்.
அதுவும் போய்த் திரும்பி வந்தது.

நாயை அதட்டினார்.
வலையின் ஒரு நுனி அவரிடம், மறுநுனி என்னிடம்.
மின்வேதியியல் படித்த கையில்
புழுக்கை ஒட்ட ஒட்ட
டவரைச் சுற்றிக் கொண்டுபோய்
மேற்கே கண்மாய்க் கரையோரம் அடைத்தோம்.
மணி ஒன்றே முக்கால்.
யாருடைய வயலோ அது, அவருக்கு இலவச உரம்.
மூன்று ராத்திரிக் கூலியைக் கம்பெனிக் கணக்கில்
'காற்று வடிகட்டி' என்று எழுதினேன்.
நிஜ வடிகட்டி வர இன்னும் ஒரு வாரம்.

பிறகு செய்ய அதிகம் இல்லை.
சுமையைக் குறைத்து,
ஈரப்பதம் சேர்த்த சுத்தக் காற்றை
மெல்ல ஓடவிட்டுக் காத்திருந்தேன்.
உட்கார்ந்தது எழுந்து போகும்,
விரட்டினால் போகாது.
விடியலில் ஐந்து எட்டு.
மத்தியானம் ஆறு இரண்டு.
ரோஸ்லின் இரண்டு முறை கேட்டாள், நான் எடுக்கவில்லை.
மறுநாள் சாயங்காலம் ஆறு ஆறு,
அதற்கு மேல் அசையவில்லை.

பதிவேட்டில் எழுதினேன்:
திரும்பாதது, புள்ளி பூஜ்யம் இரண்டு.

இருளப்பன் கூப்பிட்டார்.
"காய்ச்ச விட்டுருச்சா?"
குரல் அவ்வளவு தெளிவு,
போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடிக்க வேண்டியிருந்தது.
அவர் எண்ணைக் 'கிடை – மேற்கு' என்று பதிந்து வைத்தேன்.
ஆனியில் கச்சான் திரும்பினால்
கிழக்கு என்று மாற்ற வேண்டும்.