பாதி சீட்டில், பாதி தாளில்

முக்கூடல் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே என் ஜெராக்ஸ் கடை.
தோளுயரச் சுவருக்கு அந்தப் பக்கம்
கோமதிநாயகத்தின் வடைச்சட்டி.
சுவர் எப்போதும் வெதுவெதுவென்று இருக்கும்.

அவருடைய பதிவுச் சான்றுக்கு விண்ணப்பித்தது நான்தான்.
ஆதார், போட்டோ, நூறு ரூபாய்.
பதினாலு இலக்க எண் வந்த அன்று
லேமினேஷன் போட்டுச் சும்மா கொடுத்தேன்.
சங்கிலிபூதத்தார் படத்துக்குக் கீழே மாட்டினார்,
அதற்கும் தினம் ஒரு கிள்ளு பூ.

இன்றைக்கு ஜீப்பில் வந்த ஆபீசரம்மா பெயர் ஜெபக்கனி.
பையில் நான்கு புட்டி, அரக்கு, மெழுகுவத்தி.
எண்ணெய்க்குள் கம்பி விட்டார்,
காய்ச்சல் பார்ப்பதுபோல.
இருபத்தைந்தைத் தாண்டக் கூடாதாம்.
முப்பத்தொன்று.
"மீட்டரு பொய் சொல்லும் தாயி" என்றார் கோமதிநாயகம்,
சட்டியைப் பார்க்காமல்.

ஆற வைத்து, நான்கு பங்கு போட்டார்கள்,
அண்ணன் தம்பி பாகம் பிரிக்கிற மாதிரி.
எடுத்த எண்ணெய்க்கு விலையும் கொடுத்தார் அந்த அம்மா,
ரசீது கேட்டு வாங்கினார்.
பிறகு சாட்சி கேட்டார்.

பூக்கடைக்காரர் பாபநாசம் பஸ்ஸைப் பார்த்தார்.
செருப்புக் கடையில் திடீரென்று ஆள் இல்லை.
பீடி ஒப்படைக்க வந்த பெண்கள்
கையில் பாதி வடையோடு நகர்ந்தார்கள்.
"நீங்க படிச்சவங்கதானே?"

ஒன்பது வருஷமாய் நாலு மணிக்குச்
சுவருக்கு மேலே ஒரு கை வரும்.
செய்தித்தாளில் இரண்டு உளுந்தவடை.
எண்ணெய் ஊறி மறுபக்கத்து மரண அறிவிப்பு தெரியும்.
அந்தத் தாள் கூடாது,
கருகின எண்ணெய் கூடாது என்றெல்லாம்
உறுதிமொழியில் இருந்தது.
சம்மதம் என்று டிக் அடித்தவள் நான்.
வாசித்துக் காட்டவில்லை.
அன்றைக்குக் கடையில் கூட்டம்.

அரக்கு சொட்டியது.
"பாதி சீட்டுல, பாதி தாள்ல விழணும் கையெழுத்து.
பிரிச்சா தெரியணும்."
மு. பேச்சித்தாய் என்று போட்டேன்.
பேச்சி சீட்டில் நின்றுகொண்டாள்,
தாய் தாளுக்குப் போய்விட்டாள்.
நான்கு புட்டியிலும் அப்படியே.

பதினாலு நாளில் முடிவு வருமாம்.
இங்கிலீஷில்தான் வரும்,
வாசிக்க என்னிடம்தான் வரணும் அவர்.

நாலு மணி. சட்டி கவிழ்ந்து கிடக்கிறது.
சுவருக்கு மேலே கை வரவில்லை, குரல் வந்தது:
"புது எண்ணெ ஒரு டின் இன்னைக்கு என்ன வெலைன்னு
செல்லுல பாத்துச் சொல்லு தாயி."

பார்த்துவிட்டேன்.
இன்னும் சொல்லவில்லை.