அண்டி ஆபீஸ்

திங்கள்சந்தை தாண்டி, பெட்ரோல் பங்குக்குப் பின்னால்.
இன்னும் அண்டி ஆபீஸ் என்றே பேர்.
அண்டி வந்து ஒன்பது வருசமாகிறது.

இப்போது வருவது
தூத்துக்குடியிலிருந்து, தார்ப்பாய் மூடி, ராத்திரியில்.
சீட்டில் எழுதியிருப்பது:
'பழுது நீக்கிப் பயன்படுத்த.'
ஞானசிகாமணி முதலாளி அதை வாசித்துக் காட்டிச் சிரிப்பார்.
"இதை எழுப்பணுமெங்கி
லாசருவை எழுப்பினவரே எறங்கி வரணும், எப்சிபா."

பதினேழு பேர். எல்லாம் பழைய கைகள்.
அதே சிமெண்ட் தரை, அதே குந்தல்.
அன்றைக்குக் கட்டை, இன்றைக்குத் திருப்புளி,
கிலோவுக்குப் பதினோரு ரூபாய்.
அண்டிக்கறை தின்ற விரல்களில்
ரேகை அப்போதே போயிற்று;
ரேஷன் கடை மிஷின் என்னை நம்புவதில்லை.
ஆசிட் எடுத்துக்கொள்ள
அங்கே ஒன்றும் மிச்சமில்லை.

கீபோர்டு பிரிக்கத்தான் எனக்குப் பிடிக்கும்.
கவிழ்த்துத் தட்டினால்
பிஸ்கட் தூள், நகத்துண்டு,
ஒருதரம் நீளமாக ஒரு செம்பட்டை முடி.
எந்தப் பொத்தான் தேய்ந்திருக்கிறதென்று பார்ப்பேன்.
அவளுடையதில்
எழுதியதை அழிக்கிற பொத்தான்
வழவழவென்று குழிந்திருந்தது.
யாரிடம் எதைச் சொல்ல வந்து
அத்தனை தடவை வேண்டாமென்று வைத்தாளோ.
மத்தியானம்வரை அவளையே நினைத்துக்கொண்டிருந்தேன்.
பிறகு குவியலில் எறிந்தேன்.
எடை எடைதானே.

பச்சைத் தகடெல்லாம் மேற்கு முறிக்குப் போகும்.
சுடுவது வின்சிலாஸ்.
அவன் இருமினால்
நாங்கள் திருப்புளியை நிறுத்தி எண்ணுவோம்.
தங்கம் குண்டூசி முனையளவு, அது கொச்சிக்கு.
செம்பு கோயம்புத்தூருக்கோ எங்கேயோ.
புகைக்கு விலாசம் எழுத வேண்டியதில்லை.
அன்றைக்கும் பருப்புதான் கப்பலேறியது,
தோடு எங்களுக்கு.

கிணற்று வெள்ளத்தில் தேயிலை போட்டால்
மை மாதிரி கறுக்கிறது.
குப்பியில் பிடித்துப் பஞ்சாயத்தில் கொடுத்தோம்.
சோதனைத் தாள் வரும் என்றார்கள்.
அதுவும் கப்பலில் வருகிறது போல.

நேற்று ஞாயிறு. கோழி அறுத்தேன்.
இரைப்பையைக் கீறினால்
மணலோடு ஒரு பொத்தான்.
கழுவிப் பார்த்தேன்: யூ எழுத்து,
தலைமேல் இரண்டு புள்ளி.
மகள் ஒன்பதாம் வகுப்பு. திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.
"இங்கிலீசில இப்படியொரு எழுத்து கெடையாதும்மா."
பின்னே எந்த ஊரு?
"தெரியல."
இந்த எழுத்தைச் சேர்த்துத்தான்
அங்கே யாருக்கோ பேர் வைத்திருப்பார்கள்.
தூரத்திலிருந்து கத்திக் கூப்பிடுவார்கள்.
எப்படி ஒலிக்குமென்று
இரண்டு பேரும் வாயைக் குவித்துப் பார்த்தோம்.
சிரிப்பு வந்தது.

"கோழியைத் தின்னலாமா?"
அதற்குமேல் யோசித்தால் ஞாயிறு போய்விடும்.
மசாலா அரைத்தேன்.
இரைப்பையை மட்டும் வெளியே எறிந்தேன்.
வெளியே என்றால்
சுவருக்கு அந்தப்புறம்,
தாயம்மைக்க வாழைத்தோட்டம்.