கொண்டையின் இடப்பக்கம்

முதலில் வால்தான் கிழிந்தது.
சேவலுக்கு எட்டு மாதம். உடம்பெல்லாம்
சாம்பலில் ஒரு சொட்டு நீலம் விட்டுக் கலக்கிய நிறம்.
வாலிறகுகள் மட்டும் எலி கடித்த பாய்போல
நுனி நுனியாய்ப் பிரிந்து தொங்கின.

லாவெண்டர் ஆர்பிங்டனுக்கு இது கூடப் பிறந்த தொல்லை.
நிறமும் கிழிசலும் ஒரே முடிச்சில் வருகின்றன,
ஒன்றை இழுத்தால் மற்றதும் வரும்.
எப்போதாவது முடிச்சு அவிழும் என்கிறார்கள்.
எப்போதாவது என்றால் எப்போது
என்று சொன்னவர் யாருமில்லை.

கறுப்புப் பெட்டைகள் ஆறு வாங்கினேன்.
லிங்கன்ஷயரில், கடலுக்கு மட்டமாய்க் கிடக்கிற கருமண்ணில்,
முட்டைக்கோசு வயலுக்கும் வாய்க்காலுக்கும் நடுவே
எனக்கு நாலு கொட்டகை.
காலையில் பள்ளிப் பேருந்து ஓட்டுவேன்.
மாலையில் பள்ளிப் பேருந்து ஓட்டுவேன்.
இடையில் இது.

முதல் வருஷம் பொரித்த முப்பத்தொன்றும் கறுப்பு.
வேலிக்கு அந்தப் பக்கம் டொரீன் எட்டிப் பார்த்தாள்.
"நீலம் என்றாயே?"
உள்ளே இருக்கிறது என்றேன்.
"உள்ளே இருந்து என்ன பயன்?"
வங்கியில் கிடக்கும் பணத்தையும் அப்படிக் கேட்கலாம்
என்று சொல்ல வாயெடுத்தேன்.
வங்கியிலும் ஒன்றுமில்லை,
தீவனத்துக்கே போயிருந்தது.

மறு வருஷம் அண்ணனையும் தங்கைகளையும் ஒரே கொட்டகையில் விட்டேன்.
(பேருந்தில் பிள்ளைகள் கேட்டபோது பேச்சை மாற்றினேன்.)
நாலுக்கு ஒன்று என்பது கணக்கு.
கோழிகளுக்குக் கணக்கு தெரியாது.
இன்குபேட்டரில் வைத்தது இருபத்துநாலு:
ஐந்து கூமுட்டை, பதினெட்டு கறுப்பு,
கடைசியாக, இருபத்திரண்டாம் நாள் மத்தியானம்,
உடைந்த ஓட்டைத் தொப்பியாய் மாட்டிக்கொண்டு
ஈரமும் அசிங்கமுமாய் ஒரே ஒரு புகைநிறம்.

பெயர் வைக்கக் கூடாது என்பது என் சட்டம்.
நெவில் வைத்துவிட்டான். பிஷப்.

அதற்குப் பிறகு எட்டு மாதம்
பிஷப்பின் முகத்தை நான் பார்க்கவேயில்லை,
பின்பக்கத்தைத்தான் பார்த்தேன்.
குருத்திறகு உறையுடைத்து வரவர
ஒவ்வொன்றாய் விரலிடுக்கில் உருவினேன்.
பிரித்து விட்டாலும்
ஜிப் போட்டதுபோல மறுபடி மூடிக்கொண்டது.
அன்று பேருந்தை ஒரு நிறுத்தம் தாண்டி ஓட்டிப்போய்விட்டேன்.

கண்காட்சிக்கு முந்திய இரவு, குளியல் தொட்டி.
குழந்தை ஷாம்பூ.
கழுத்துவரை வெந்நீரில் பிஷப் கண் சொருகி மிதந்தது.
நனைந்ததும் பாதியாய்ச் சுருங்கிப் போயிற்று,
இதற்கா மூன்று வருஷம் என்று நெவில் சிரித்தான்.
ஹேர் டிரையர் பிடித்ததும் அவன்தான்.
ஒரு மணி நேரத்தில், ரொட்டி மாவு பொங்குவதுபோல,
மேலும் மேலும் கோழியாயிற்று.

நடுவர் ஹாலிடேவுக்கு வெள்ளைக் கோட்டு, குளிர்ந்த கைகள்.
வாலை விரித்தார். அரை நிமிஷம் பேசவில்லை.
பக்கத்துக் கூண்டுக்காரர் எழுந்து வந்து நின்றார்.
"எத்தனை வருஷம்?"
மூன்று என்றேன்.
தலையசைத்தார்.
பிறகு அவர் கட்டைவிரல் முதுகு வழியே மேலேறி
கொண்டையின் இடப்பக்கம்,
கடைசிப் பல்லுக்குச் சற்றுக் கீழே நின்றது.
அங்கே ஒரு முளை.
கடுகளவு. சரி, இரண்டு கடுகளவு.

போட்டிக்குத் தகுதியில்லை என்று அட்டையில் எழுதினார்.
அழகான கையெழுத்து.

வீடு வரும்வரை மழை.
பெட்டியைத் திறந்ததும் பிஷப் நேரே
வாய்க்கால் ஓரத்துச் சேற்றுக்குப் போய்
ஷாம்பூ மணக்கிற மார்பைப் புதைத்துப் புழுவைத் தேடியது.
டொரீன் குடையோடு வேலிக்கு வந்தாள்.
"அட! நிஜமாகவே நீலம்தான்" என்றாள்,
"வால் என்ன வால்!"

நான் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன்.
ஆனால் கொட்டகைக் கதவடியில் ஒதுங்கி நின்ற
கறுப்புப் பெட்டைகளின் கொண்டைகளை
இடமிருந்து வலமாக
எண்ண ஆரம்பித்திருந்தேன்.