ஐந்துக்கு மூன்று

ஏப்ரல் சீசனில், நுவரெலியாவில்,
குதிரைப்பந்தயத் திடலுக்கு எதிரே
நவ்ஃபர் நானாவின் தட்டுக்கடையில் வாங்கியது.
இரண்டாயிரத்து நானூறு சொன்னார்.
மழை வரப்போகிறதென்று
ஆயிரத்து எண்ணூறுக்கு விட்டார்.
பெட்டியில் கத்தியின் படம் சிறிது,
துவக்குக் கம்பெனியின் பேர் பெரிது.
"துவக்கு செய்றவன் செஞ்ச கத்தி, தம்பி,
துரோகம் பண்ணாது."

பஸ்ஸில் பெட்டியைத் திருப்பிப் பார்த்தேன்.
துவக்குக்காரன் பேரைத்தான் கொடுத்திருக்கிறான்.
கத்தி செய்தவன் வேறு யாரோ, வேறு நாட்டில்,
பார்கோடுக்கும் கீழே, எறும்பு எழுத்தில்.
எங்கள் மேட்டுக் கரட்டும்
தம்புள்ளைக்குப் போகையில்
வேறொருத்தர் பேர் அடித்த சாக்கில்தான் லொறி ஏறுகிறது.
அதனால் பெரிதாகக் கோபம் வரவில்லை.

வில்லுக்கத்தி என்போம் நாங்கள் இதை.
ஆக, வில்லின் பேரில் இருந்தது
துவக்கின் பேருக்கு வந்திருக்கிறது.
அம்பும் தரவில்லை, தோட்டாவும் தரவில்லை.

எனக்கு மிளகாய்க் கூடாரத்தில் வேலை, இராகலைக்கு மேலே.
பொலித்தீன், நைலோன் நூல், சொட்டுநீர்க் குழாய்,
பத்து மணிக்கு ரோஸ் பாண்.
கரட் தராசில் வைத்தேன்: நூற்றுப் பதினெட்டு கிராம்.
சட்டைப் பைக்குப் பாரம். காற்சட்டைப் பைக்குச் சரி.
பெருவிரலால் தள்ளினால் திறக்கிறது,
கை ஈரமென்றால் மூன்றாம் தடவை.
பொலித்தீன்: தண்ணீரைக் கிழிப்பது போல.
குழாய்: குறையில்லை.
நைலோன்: முதல் வாரம் அறுத்தது,
இரண்டாம் வாரம் கடித்து இழுத்தது,
மூன்றாம் வாரம் நான்தான் கடித்தேன்.
அலகை இடம்வலமாய் அசைத்தால்
என் மகன் லோகிதனின் பால்பல் மாதிரி ஆடுகிறது.

பூட்டு. அதையும் சொல்லத்தான் வேண்டும்.
கம்பி முடிச்சொன்றைக் குத்தித் திருகும்போது
பூட்டு நழுவி அலகு மடிந்தது,
என் சுட்டுவிரல் மேல்.
எலும்பு வரை இல்லை. மூன்று தையல்.
துரோகம் என்று சொல்லமாட்டேன்.
கத்தியைக் குத்தூசி ஆக்கியவன் நான்.

புஷ்பகாந்தி விரலைப் பார்த்தாள், ஒன்றும் பேசவில்லை.
கழன்றிருந்த சின்னத் திருகாணியை இறுக்கி
அதன் தலையில் ஒரு சொட்டுக் கியூட்டெக்ஸ் வைத்தாள்,
தங்கச்சி கல்யாணத்துக்கு வாங்கிய சிவப்பு.
பாதி ஆட்டம் அன்றே நின்றது.
கம்பெனிக்காரனுக்குத் தோன்றியிருக்கலாம்.

நானுஓயா ஸ்டேஷனில் பையைத் திறக்கச் சொன்னார்கள்.
நகவெட்டிக்கே காரணம் கேட்ட வருஷங்களில்
அப்பாவின் விரலைப் பிடித்து நின்ற அதே மேடை.
நாக்கு தானாகவே மேலண்ணத்தில் ஒட்டியது.
பொலிஸ்காரர் அலகிலிருந்த பேரை வாசித்தார்,
என்னைப் பார்த்தார்,
தன் தோளில் தொங்கியதையும் ஒருமுறை பார்த்தார்.
"துவக்கா?"
"இல்ல சேர், மிளகாய்க்கு."
திறந்தார். மூடினார். திறந்தார்.
இடம்வலமாய் அசைத்தார், அவருக்கும் அந்தப் பழக்கம்.
தன் கைமடிப்பில் தொங்கிய நூலை அறுத்தார்.
இரண்டு இழுப்பு தேவைப்பட்டது.
"பேர் மட்டும் லொக்கு," என்று
மடித்தே தந்தார்.
அவர் சிரித்தார் என்பதை
பண்டாரவளை தாண்டித்தான் நம்பினேன்.

ஒன்பது மாதம் ஆயிற்று.
கூடார மண்ணும் மிளகாய்ச் சாறும் தேய்த்து
பேரில் நாலெழுத்து போய்விட்டது.
மிஞ்சியதைக் கூட்டி வாசித்தால்
எந்த மொழியிலும் ஒன்றும் வராது.
சிவப்புச் சொட்டு அப்படியே இருக்கிறது.
முனை ஒருமுறை உடைந்தது.
லயத்துக் குழாயடிக் கல்லில்
இரண்டு ஞாயிறு தீட்டினேன்,
இப்போது நைலோனுக்கு ஒரே இழுப்பு.
ரோஸ் பாணில் மட்டும் லேசாக எண்ணெய் வாசம்.

ஐந்துக்கு மூன்று கொடுப்பேன்.
தையலைக் கழித்தால் மூன்றரை.

வாங்கலாமா என்று அந்தோனிமுத்து கேட்டான்.
வாங்கு, என்றேன்,
ஆனால் கடைக்குப் போகுமுன்
பிதுருதலாகலைப் பக்கம் மேகம் கறுத்திருக்கிறதா பார்.