சொந்த விருப்பத்தின் பேரில்

வள்ளியூர் கோர்ட்டுக்கு எதிரே
நோட்டரி அருளப்பன் அறையில்
மின்விசிறி தேவையில்லை.
ஆனி மாதக் காற்று சன்னல் வழியே வந்து
ஒவ்வொரு தாளாக எடுத்துப் பார்த்துவிட்டு
வேறு இடத்தில் வைத்துப் போகிறது.

ஒன்று என் போனில் இருக்கிறது:
சென்னை ஐ.ஐ.டி., விமானப் பொறியியல்.
இன்று மாலை ஐந்துக்குள் பணம் கட்டாவிட்டால்
இடம் அடுத்தவருக்கு.

மற்றது பையில், கடக்வாஸ்லாவிலிருந்து.
கறுப்புத் தோல் ஷூ இரண்டு ஜோடி
வெள்ளைக் கைக்குட்டை பன்னிரண்டு
பூட்டு ஒன்று, சாவி இரண்டு.
என்னென்ன கொண்டுவர வேண்டும் என்று
மூன்று பக்கம்.
எதற்காக வர வேண்டும் என்று
ஒரு வரி இல்லை.

போனிலும்தான் இல்லை.

பணகுடியில் எப்போதோ முடிவாகிவிட்டது.
பள்ளிக்கூட வாசல் பேனரில் என் படம்,
சுயம்புகனி என்று கொட்டை எழுத்து,
கீழே ஒரு துப்பாக்கி
(நான் இதுவரை தொட்டதில்லை).
இயற்பியல் சார் மட்டும்
"லெஃப்ட் ரைட் போடவா இத்தனை கணக்குப் போட்டே?"
என்று கேட்டுவிட்டு
பதிலுக்கு நிற்காமல் போனை வைத்தார்.
அம்மா கேஸ் பில்லின் பின்பக்கம்
கூட்டிப் பார்த்தாள்.
இந்தப் பக்கம் எட்டு லட்சம் கடன்.
அந்தப் பக்கம் சைபர்.
சைபரைச் சுற்றி ஒரு வட்டம் போட்டாள்.
வட்டத்துக்கு வெளியே இன்னொரு வட்டம்.

போபாலில், நேர்காணலில் கேட்டார்கள்:
அப்பா என்ன செய்கிறார்?
காத்தாடிக் கம்பெனியில் மெக்கானிக்.
எண்பது மீட்டர். தினமும் ஏறுவார்.
நீ ஏறியிருக்கிறாயா?

ஏறியிருக்கிறேன் என்றேன்.
மேலேயிருந்து கடல் தெரியும் என்றேன்.
கேட்டவர் பேனாவைக் கீழே வைத்தார்.

பதினோரு வயதில்
நாலு படி ஏறியிருக்கிறேன்.
ஐந்தாவதுக்குக் கால் வரவில்லை.
இறங்கவும் வரவில்லை.
கீழே நின்ற அப்பா ஏறிவந்து
கம்பியிலிருந்து என் விரல்களை
ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்தார்.
யாரிடமும் சொல்லவில்லை அவர்.
நானும்.

இப்போது அருளப்பன் வாசிக்கிறார்,
ஆங்கிலத்தில் கொஞ்சம், தமிழில் கொஞ்சம்:
பயிற்சியில் காயமோ உயிரிழப்போ நேர்ந்தால்...
இடையில் விட்டுப்போனால் செலவுத் தொகையை...
தன் சொந்த விருப்பத்தின் பேரில்...

"நில்லுங்க" என்றார் அப்பா.
"இந்த வரிய நான் தெனமும் எழுதுதேன்.
டவர் ஏறதுக்கு முந்தி, அந்த நோட்டுல.
வெரசா கையெழுத்துப் போட்டுட்டுப் போயிருவேன்."
பிறகு என் பக்கம் திரும்பி,
"ஏட்டி, விருப்பந்தானா?"

மணி இரண்டேகால்.
முத்திரைத்தாள் மீது
அருளப்பன் ஸ்டேப்ளரைத் தூக்கி வைத்தார்.

ராக்கெட் எனக்குப் பிடிக்கும்.
இறக்கை ஏன் மேலெழுகிறது என்பதை
இரண்டு விதமாக நிரூபிக்கப் பிடிக்கும்.
ஆனால் முதல் ராங்க் சார் சொன்னது,
என்.டி.ஏ. ஃபாரம் தோழி பெனிட்டா வாங்கிவந்தது,
சைபர் அம்மாவுடையது,
துப்பாக்கி பேனர் கடைக்காரருடையது.
யோசித்துப் பார்த்தால்
இதுவரை யாரும் சொல்லித்தராமல்
நானாகச் சொன்னது
அந்தப் பொய் ஒன்றுதான்.

அதை நான் வேண்டியே சொன்னேன்.
அந்தக் கடலை வேண்டித்தான் சொன்னேன்.

"பேனா குடுங்கப்பா" என்றேன்.
அப்பா கொஞ்ச நேரம் என் கையைப் பார்த்தார்,
விரல்களை.
பிறகு சட்டைப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார்,
நுனியில் கிரீஸ் படிந்த கம்பெனிப் பேனா.

ஐந்து மணிக்கு போன் ஒருமுறை அதிர்ந்தது.
பஸ்ஸில் இருந்தோம்,
எனக்கு வயிற்றைப் பிசைந்தது.
போனை எடுத்துப் பார்த்தேன், பார்க்காமல் இருக்க முடியவில்லை.
ராக்கெட்டுக்காகக் கொஞ்சம் அழுதேன்.
அப்பா சன்னலோரம்
காத்தாடிகளை எண்ணிக்கொண்டு வந்தார்,
சுற்றாமல் நிற்பவற்றை மட்டும்.