தொடர்ச்சிக் குறிப்பேடு

படப்பிடிப்பில் என் வேலை
நினைவில் வைத்திருப்பது.
எந்தக் கையில் பை, எத்தனையாவது பொத்தான் திறந்திருந்தது,
சிகரெட் எவ்வளவு எரிந்திருந்தது.
வெட்டிய இடம் தெரியாமல் ஒட்ட வேண்டும்.
சம்பளம் அதற்குத்தான்.

ஜார்ஜியாவில், ட்ஸ்கால்டூபோவில்,
சோவியத் காலத்து வெந்நீர்ச் சுகவாச மாளிகை.
பளிங்குத் தூணிலிருந்து பளிங்குத் தூணுக்குத் துணிக்கொடி.
போரில் சுகுமியை விட்டு ஓடிவந்தவர்களைச்
சில வாரங்களுக்கு என்று சொல்லி இங்கே தங்கவைத்தார்களாம்.
அந்த வாரங்களில் பிறந்த பையன்களுக்கு
இப்போது வழுக்கை விழுகிறது.

இயக்குநர் ஷால்வாவுக்கு ஒரு கதவு பிடித்துவிட்டது.
நீலச் சாயம் உரிந்தது, எண் 317.
அதைச் சுகுமி வீட்டுக் கதவாக்கினார்.
உள்ளே குடியிருந்த லம்சிராவையே
வெளியேறும் பெண்ணாக்கினார்.
நாளுக்கு நாற்பது லாரி, மதியம் ரொட்டி, பாலாடைக்கட்டி.
"அன்றைக்கு எப்படி வந்தீர்களோ, அப்படியே வாருங்கள்."

முதல் முறை வலக்கையில் பை.
இரண்டாம் முறை வெறுங்கை.
மூன்றாவதில் தையல் இயந்திரத்தின் மூடி மட்டும்.
நான்காவதில் பாதி வழி வந்தவள் திரும்பிப் போய்
அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள்.
அங்கே அடுப்பே இல்லை.

ஓடிப்போய்க் கேட்டேன்:
உண்மையில் எதை எடுத்து வந்தீர்கள்? எழுதிக்கொள்ள வேண்டும்.
அவள் என் பேனாவையே பார்த்தாள்.
"ராத்திரிக்கு ஒன்றை எடுத்து வருகிறேன்.
நேற்று பியானோவைக்கூட இறக்கிவிட்டேன்.
அன்றைக்கு எடுத்தது எதுவென்று
எனக்கே இன்னும் பிடிபடவில்லை."

பக்கத்து அறை ஜோன்டோவின் கவிதை
திரைச்சீலைக்குப் பின்னால், சுவரில், பென்சிலில் இருந்தது.
அரங்கம் அமைக்க வந்தவர்கள் சுவர்தானே என்று நினைத்து
(சுவர்தான்)
சுண்ணாம்பு அடித்துவிட்டார்கள்.
பின்னணிக் குரலாக வரவேண்டிய கவிதை.
ஷால்வா தலையில் கைவைத்துக்கொண்டார்.
மனப்பாடமாகச் சொல்ல முடியுமா?
ஜோன்டோ சொன்னார். ஒலிப்பதிவாளர் இன்னொரு முறை கேட்டார்.
மூன்றாம் வரியிலிருந்த கடல் ஏழாம் வரிக்குப் போயிருந்தது.
இன்னொரு முறை.
இப்போது கடலே இல்லை, அந்த இடத்தில் ஒரு பேருந்து நிறுத்தம்.
எது சரி என்றேன்.
"சுவரில் இருந்தவரைக்கும்தான் அம்மா
அது ஒரே இடத்தில் இருந்தது."

மலைக் கணவாய்க் காட்சிக்குப் பனி வேண்டியிருந்தது.
உருளைக்கிழங்கு மாவும் கிழித்த காகிதமும்
விசிறியில் பறந்தன.
நடந்தவர்கள் எல்லோரும் இந்தக் கட்டடத்து ஆட்கள்.
யாரோ தும்ம, வரிசையே சிரித்துவிட்டது.
'கட்' சொன்ன பிறகும் லம்சிரா நிற்கவில்லை.
காகிதப் பனி முடிந்து சிமெண்ட் தொடங்கும் இடம் தாண்டி,
ஜெனரேட்டர் வண்டி தாண்டி,
சாலைவரை போய்,
அங்கே மாடு ஒன்று குறுக்கே நின்றதால் திரும்பினாள்.
அந்தத் துண்டு படத்தில் இல்லை.

அக்டோபரில் கட்டடம் விலைபோனது.
ஊருக்கு வெளியே ஆளுக்கொரு புது வீடு.
விடுபட்ட ஒலிகளை எடுக்க நாங்கள் மூன்று பேர் வந்திருந்தோம்:
காலடி, குழாய், கதவு.

317 திறந்தது.
லம்சிராவின் வலக்கையில் பிளாஸ்டிக் வாளி,
அதற்குள் தக்காளிச் செடிகள்.
இடக்கையில் கதவின் எண் தகடு, ஆணியோடு.
இரண்டு படி இறங்கி நின்று
என்னைப் பார்த்துக் கேட்டாள்:
"இது சரியா? இன்னொரு முறை வரட்டுமா?"

குறிப்பேட்டைத் திறந்தேன்.
பேனா வண்டியில் இருந்தது.